இரண்டாவது சரணத்தின் மூச்சு

மூன்று ஹெட்ஃபோன்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "நிதானமா கேளுங்க சார், அவசரமே இல்ல" என்று சொல்லிக் கடைக்கார இம்தியாஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் அந்தச் சின்ன அறை கும்மென்று அடங்கிப்போனது. தணிகாசலத்துக்கு இந்த அமைதி புதிதில்லை. முப்பத்திரண்டு வருஷமாக இந்த மாதிரி அறைகளுக்குள் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்து கலப்பதுதான் அவர் பிழைப்பு. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு, தரையில் கனத்த கார்ப்பெட், ஒரு நாற்காலி. மாடிக்குக் கீழே ரிச்சி தெருவில் காலை பதினொரு மணிக் கூட்டம் ஆட்டோவும் தள்ளுவண்டியுமாக முட்டிக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு ஹார்ன்கூட உள்ளே வரவில்லை. வரவில்லையா, வந்தும் தனக்குக் கேட்கவில்லையா என்று மனசு கேட்டது. இதுதான் ரெண்டு வாரமாக அவரைப் பிடித்திருக்கும் பீடை. வாஷிங் மெஷின் வேலையை முடித்துவிட்டு பீப் பீப் என்று கூப்பிட்டதாம், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம், மனைவி பூரணி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து அணைத்தாளாம். "ஊருக்கெல்லாம் சத்தம் சரிபண்ணிக் குடுக்கறவருக்கு வீட்டுச் சத்தம் கேக்காது" என்றாள். முப்பது வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருக்கும் கேலிதான். முன்பெல்லாம் சிரிப்பார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின நாள்தான் அந்தப் புதுப் பையன், படம் எடுக்கிறவன், பிரணவ், மூன்றாவது தடவையாகப் பாட்டைத் திருப்பி அனுப்பியிருந்தான். பையன் என்றால் முப்பத்தைந்து வயசு, தாடி வைத்தவன், மரியாதை தெரிந்தவன். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. 'ச' வர்ற எடமெல்லாம் ஊசியா குத்துது. எங்க ஆபீஸ்ல எல்லாருக்குமே அப்படித்தான் இருக்கு." எல்லாருக்குமே. அந்த ஒரு சொல்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உப்பு தெரியாத நாக்கோடு ஒருத்தன் சமைத்தால் மேலே மேலே அள்ளித்தானே போடுவான். கூர்மை கேட்காத காதுக்காரன் கூர்மையைத்தான் கூட்டிக்கொண்டே போவான். ஒன்று காது போயிருக்க வேண்டும், இல்லை அவருடைய பழைய ஹெட்ஃபோன் பொய் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. ஹெட்ஃபோன்தான் என்றால் இன்றைக்கே வேறு வாங்கிக்கொண்டு சாலிகிராமத்தில் தன் ரெக்கார்டிங் அறைக்குப் போய் வேலையைப் பார்க்கலாம். காதுதான் என்றால் தை மாதத்தோடு அறையைக் காலி செய்துவிட வேண்டியது. நடுவில் நின்று சாக்குப்போக்கு சொல்லக்கூடாது என்று நேற்றே முடிவு செய்துவிட்டார். அதனால்தான் இப்படி ஒரு வினோதமான வேண்டுதலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். இருபத்தாறு வருஷம் தலையில் சுமந்த பொருள் கெட்டதாக இருக்கட்டும் என்று.

அந்தப் பழையது மடிமேல் துணிப்பையில் கிடந்தது. தொண்ணூற்றெட்டில் வாங்கியது. காது மெத்தையை நாலு தடவை மாற்றியாகிவிட்டது, ஒயரை ரெண்டு தடவை. தலைக்குமேல் வருகிற பட்டை பிய்ந்துபோய், பூரணியின் பழைய சுங்குடிச் சேலையில் ஒரு துண்டைச் சுற்றித் தைத்திருக்கிறது. அதை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், விபூதியும் வேர்வையும் கலந்த அந்த வாசனையில் முதல் அறை அப்படியே எழுந்து வரும். அருணாசலம் ரோட்டுக்குப் பின்னால், கோழிக்கடை மாடியில், மொட்டைவெயில் கூரைக்குக் கீழே ஒரு அறை. ரெக்கார்டிங் நடக்கும்போது ஏ.சி.யை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மைக்கில் இரைச்சல் ஏறும். ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லாரும் குளித்ததுபோல் ஆகிவிடுவார்கள். 'ஓக்கே' என்று இவர் சொன்ன நிமிஷம் ஏகாம்பரம் தபலாவை அப்படியே விட்டுவிட்டு ஏ.சி. சுவிட்சுக்கு ஓடுவான். என்ன சந்தோஷமான நாட்கள் அவை, எவ்வளவு வேர்த்தாலும். வேலை வந்துகொண்டே இருந்தது. பெரிய பாடகர்கள் வருவதற்கு முன்னால் மாதிரிக்குப் பாடிவைக்கிற டிராக் பாடகர்கள் காலையிலிருந்து படிக்கட்டில் காத்திருப்பார்கள். அவர்கள் பாடினதைக் கேட்டுத்தான் பெரியவர்கள் பாடுவார்கள், பெரியவர்கள் பாடினதும் இவர்கள் பாடினதை அழித்துவிடுவோம். அழிக்கிற பொத்தானை அமுக்கின விரல் இதுதான். எத்தனை குரல். அதில் ஜெசிந்தா. சரி, இப்போது எதற்கு ஜெசிந்தா, முதலில் ஹெட்ஃபோனைப் பார்ப்போம் என்று தணிகாசலம் தன்னைத்தானே அதட்டிக்கொண்டு முதலாவதை எடுத்து மாட்டினார், போனில் செருகினார், பாட்டை ஓடவிட்டார். ஆனால் பாட்டே ஜெசிந்தாவுடையது என்றால் அவளை எப்படி வெளியே நிற்கவைப்பது.

எந்த ஸ்பீக்கர் வந்தாலும் எந்த ஹெட்ஃபோன் வந்தாலும் அவர் போட்டுப் பார்க்கிற பாட்டு ஒன்றே ஒன்றுதான். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் அப்படி ஒரு பாட்டு இருக்கும். நல்ல பாட்டாக இருக்க வேண்டும் என்றில்லை, எலும்புவரை தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் எந்தச் சத்தம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் புதுப் பெட்டி எதைக் கூட்டுகிறது எதைக் குறைக்கிறது என்று பிடிக்க முடியும். அவருடைய பாட்டு ரெண்டாயிரத்து ஐந்தில் பதிவானது. கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் விளக்கு வைத்துவிட்டுக் காத்திருக்கிறவளின் பாட்டு. ஒரு வயலின், ஒரு தபலா, ஒரு குரல், அவ்வளவுதான். அவர் கலந்ததிலேயே சுத்தமானது அதுதான் என்பது அவருடைய கணக்கு. முதல் ஹெட்ஃபோனில் தபலா மார்பில் வந்து இடித்தது. ஏகாம்பரத்தின் இடது கை இவ்வளவு பெரிதா என்ன, பாவம் மெலிந்த மனுஷன். கல்யாண வீட்டு ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. ஒரு சரணம்கூடத் தாங்காமல் கழற்றி வைத்தார். ரெண்டாவது இதற்கு நேர்மாறு. எல்லாவற்றையும் பாகில் முக்கி எடுத்ததுபோல் தித்தித்தது. வயலின் உருகியது, குரல் உருகியது, கேட்டுக்கொண்டிருந்த இவரும் கொஞ்சம் உருகித்தான் போனார். கண்ணை மூடிக்கொண்டதும் அவள் வந்து நின்றாள். பெரம்பூரிலிருந்து மின்சார ரயில், பிறகு பஸ், வரும்போதே கையில் செருப்பு. மைக் அறைக்குள் வெறுங்காலோடுதான் போவாள். போனதும் கைக்கடிகாரத்தைக் கழற்றுவாள், வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி நோட்டு ஸ்டாண்டில் வரிசையாக வைப்பாள், கழுத்திலிருக்கிற சிலுவைச் சங்கிலியைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவாள். சத்தம் வரக்கூடிய எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தேவாலயத்தில் பாடி வளர்ந்தவள், பெரிய கூடத்தில் ஒரு ஊசி விழுந்தாலும் எப்படிச் சுற்றி வரும் என்று தெரிந்தவள். "தணிகா சார், ஆரம்பிக்கலாமா" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை ஆட்டுவாள். பதினோரு வருஷம் மற்றவர்களுக்காகப் பாடி அழிக்கப்பட்டவளுக்கு முதல்முதலாகத் தன் பெயர் போட்டு ஏழு பாட்டு. அட்டையில் அவள் படம். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், காரணமில்லாமல். அதெல்லாம் நினைவுக்கு வரவைத்ததற்காகவே இந்த ரெண்டாவதை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று தணிகாசலத்துக்கு ஆசை வந்தது. வந்த வேகத்தில் அதை அடக்கினார். பிரியத்துக்குக் கேட்கிற ஹெட்ஃபோன் வேறு, பிழை பார்க்கிற ஹெட்ஃபோன் வேறு.

கதவு லேசாகத் திறந்தது. இம்தியாஸ் தண்ணீர் டம்ளரோடு நின்றான். நாற்பது வயதிருக்கும், கடை அவனுடைய அத்தாவுடையது, இப்போது இவன் பார்க்கிறான். "எப்படி சார்?" என்றான். "மொதல்ல இருக்கறது இடிக்குது, ரெண்டாவது கொஞ்சுது" என்றார். அவன் சிரித்தான். "அப்ப மூணாவத போடுங்க. அத யாருக்கும் மொதல்ல குடுக்கமாட்டேன். கேட்டதும் பிடிக்காது. அழகு காட்டாது சார் அது, உள்ளத காட்டும். மிக்ஸ் பண்றவங்களுக்கு மட்டும்தான் எடுத்து வைக்கறது." சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். மூன்றாவது பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம், பின்பக்கம் வலை, அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுப்பதுபோல் ஒரு தோற்றம். மாட்டினார். வயலின் வந்தது, சின்னதாக, எங்கே வாசித்தானோ அங்கே நின்றுகொண்டு. வில் கம்பியில் ஏறுகிற சிராய்ப்பு கேட்டது. தபலாவில் பவுடர் போட்ட கை தோலில் தேய்வது கேட்டது. அட, ஏகாம்பரம் என்று முணுமுணுத்தார். எவ்வளவு வருஷம் ஆயிற்று. முதல் சரணம் போனது. வெறும் குரல், பக்கத்து நாற்காலியில் இருந்து. இரண்டாவது சரணம் வந்தது. 'கரையில் நான் வைத்த விளக்கு அணையும் முன்னே வந்து சேர்.' நாலு ஆவர்த்தனம் நீளுகிற ஒரே வரி. அவளுடைய பெருமையே அந்த வரிதான். இரண்டு நிமிஷம் நாற்பத்தொன்றில் 'விளக்கு' முடிந்தது, 'அணையும்' தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருந்தது. தணிகாசலம் பாட்டை நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி போட்டார். இருந்தது. தொடங்கிய நிமிஷத்திலேயே கத்திரியால் நறுக்கிய ஒரு மூச்சு. ஹ் என்று ஆரம்பித்து, முடியாமல். மறுபடி போட்டார். மறுபடி. துணிப்பையிலிருந்து பழையதை எடுத்து மாட்டி அதே இடத்தைப் போட்டார். ஒன்றும் இல்லை. தண்ணீர் மாதிரி வழுவழுவென்று போனது. சாம்பல் நிறத்துக்கு மாறினார். நறுக்கிய மூச்சு, அதே இடத்தில், அவருக்காகவே காத்திருந்ததுபோல். ஒருவேளை இந்தப் புதுப் பெட்டி தானாக ஒன்றைச் சேர்க்கிறதோ. இப்படித்தான் பத்தொன்பது வருஷமாக நினைத்து வந்திருக்கிறார் என்பதும் கூடவே தெரிந்தது. வேறு யாருடைய ஹெட்ஃபோனிலாவது இந்தப் பாட்டைப் போடும்போது அந்த இடத்தில் என்னமோ உரசும். 'இது ஏத்திக் காட்டுது' என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிடுவார். ஸ்பீக்கரில் போட்டால் அறையின் காற்றில் அது கரைந்துபோகும். வீட்டுக்கு வந்து பழையதை மாட்டினால் சுத்தமாக இருக்கும், மனசும் சுத்தமாகிவிடும்.

எழுந்து கதவைத் திறந்து இம்தியாஸைக் கூப்பிட்டார். "ஒரு உதவி. இத மாட்டிக்கிட்டு ஒரு பாட்டக் கேளுங்க. எங்கயாவது ஏதாவது இடறினா கைய தூக்குங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." இம்தியாஸ் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உட்கார்ந்தான், கண்ணை மூடினான். தணிகாசலம் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் சரணம் முழுக்க அவை முழங்கால்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. போன் திரையில் எண்கள் ஓடின. ஒன்று ஐம்பது. இரண்டு இருபது. கையைத் தூக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா தூக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு நாற்பத்தொன்று. இம்தியாஸின் ஆள்காட்டி விரல் மேலே போனது. "இங்க ஒட்டியிருக்காங்க சார்" என்றான் கண்ணைத் திறக்காமலே. "மூச்ச பாதியில வெட்டின மாதிரி. நல்லா பாடுறாங்க, யாரு இவங்க?" தணிகாசலத்துக்கு உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி பரவியது. காது போகவில்லை. தேய்கிறது தேய்ந்திருக்கலாம், ஐம்பத்தேழு வயசு, ஆனால் வேலைக்கு வேண்டிய காது அப்படியே இருக்கிறது. நாற்பது வயதுக்காரனுக்குக் கேட்கிறது தனக்கும் கேட்கிறது. அந்த ஊசி குத்துகிற இடத்தைத்தான் பழைய ஹெட்ஃபோன் மழுக்கிவிட்டிருக்கிறது, அதனால்தான் இவர் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார், அதனால்தான் பிரணவுக்குக் குத்தியிருக்கிறது. தை மாதம் காலி செய்ய வேண்டாம். வேண்டிக்கொண்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிமிஷம் அப்படியே சந்தோஷமாக இருந்தார். பிறகு அந்தச் சந்தோஷத்தின் மறுபக்கம் தெரிந்தது. இம்தியாஸுக்குக் கேட்டது, தனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கிறது.

இம்தியாஸ் பில் போடட்டுமா என்று கேட்டான், அஞ்சு நிமிஷம் என்றார், அவன் போய்விட்டான். தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பாஞ்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல் டேக்கில் அவள் அந்த வரியை ஒரே மூச்சில்தான் பாடினாள். கடைசியில் 'சேர்' என்கிற இடத்தில் சுருதி ஒரு மயிரிழை இறங்கியது. காற்று தீர்ந்துபோகும்போது இறங்கும், இறங்கத்தான் செய்யும். 'எதுக்கும் இருக்கட்டும், அணையும்ல இருந்து இன்னொண்ணு குடு' என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். குடு. அப்போதெல்லாம் அவளை நீ என்றுதான் பேசுவார், அவள் சார் என்பாள், அதில் யாருக்கும் எதுவும் தோன்றாது. அவள் போனபிறகு முதல் டேக்கின் பாதியையும் இதையும் ஒட்டினார். நடுவில் விழுந்த மூச்சைச் சுத்தம் செய்தார், செய்ததாக நினைத்தார். அவளிடம் சொல்லவில்லை. எல்லாரும் செய்கிறதுதான், யாரும் பாடகர்களைக் கேட்டுக்கொண்டு ஒட்டுவதில்லை. ரெண்டு நாள் கழித்து அவள் வந்தாள், கையில் வீட்டில் கேட்கிற ஒரு சாதாரண இயர்ஃபோன். "சார், ரெண்டாவது சரணத்துல என் மூச்சு வெட்டியிருக்கு. நான் ஒரே மூச்சுலதான பாடினேன். கேக்கறவங்க நடுவுல நான் மூச்சு வாங்கினேன்னு நினைப்பாங்க." இவர் பழைய ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டார், ஒன்றும் இல்லை. மறுபடி கேட்டார், ஒன்றும் இல்லை. அவளிடம் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு கேட்டாள், முகம் குழம்பியது, "இதுல தெரியல, ஆனா இருக்கு சார்" என்றாள். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம், வயலின்காரர், எல்லாரும் இருந்தார்கள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒட்டினது உண்மை என்பதுதான் ரோஷத்துக்குக் காரணம், அது இப்போது தெரிகிறது. "ஜெசி, எனக்குக் கேக்கல, இவங்க யாருக்கும் கேக்கல, உனக்கு மட்டும் கேக்குதுன்னா உன் காதுலதான் ஏதோ கோளாறு. நல்ல டாக்டரா பாத்துக் காட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான். சிரித்துக்கொண்டே வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

நிஜமாகவே டாக்டரிடம் போயிருக்கிறாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் ரெண்டு காதையும் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்த சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாளாம். ஏகாம்பரம்தான் வந்து சொன்னான். இவர் அதற்கும் எதையோ சொல்லிச் சிரித்தார், என்ன சொன்னார் என்று நினைவில்லை, நினைவில்லாதது நல்லது. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் கேக் வந்தது, ஏகாம்பரம் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். அதற்கு அடுத்த வருஷம் வரவில்லை. சாலிகிராமத்தில் ஒரு பேச்சு நாலு தெரு சுற்றிவர ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். காதுக் கோளாறுள்ள பாடகி என்று யாரோ யாரிடமோ சொல்லியிருப்பார்கள், வேடிக்கையாகத்தான். பாடுகிறவளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு ஏதோ ஸ்கூலில் பாட்டு டீச்சர் என்று கேள்விப்பட்டார். கேள்விப்பட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அவளுடைய பாட்டைத்தான் அன்றிலிருந்து எல்லா இடத்திலும் போட்டுப் போட்டுக் கேட்டார், தான் சரி என்பதை நாளுக்கு நாலு தடவை நிச்சயப்படுத்திக்கொள்கிறவனைப்போல. எலும்புவரை தெரிந்த பாட்டாம். எலும்பே இல்லாத இடத்தை எலும்பு என்று தடவிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கோழிக்கடை மாடி, வேர்வை, ஏ.சி.க்கு ஓடுகிற ஏகாம்பரம், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெறுங்காலோடு நின்று தலையாட்டுகிறவள், எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன இன்றைக்கும். எதைக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் கேள்வி.

போனில் அவள் பெயர் 'ஜெசிந்தா டிராக்' என்று இருந்தது. ஒவ்வொரு போன் மாற்றும்போதும் எண்களோடு எண்ணாக ஏறி வந்துவிட்டிருக்கிறது. இந்த எண் இப்போது வேறு யாருக்காவது போயிருக்கும், போயிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே அமுக்கினார். ஒயர் செருகியிருந்ததால் மணி அந்தச் சாம்பல் ஹெட்ஃபோனுக்குள்தான் அடித்தது. நாலு தடவை அடித்தது. அதற்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டார். அம்மா, அன்னிக்கு என் ஹெட்ஃபோன் சரியில்ல. நல்ல வாக்கியம். உண்மையும்கூட. யார் மனசும் நோகாது, அவருடையதும்.

"ஹலோ."

அதே குரல், கொஞ்சம் கனத்து. பின்னால் பிள்ளைகளின் சத்தம். "ஜெசிந்தாங்களா? நான் தணிகாசலம் பேசறேன், சாலிகிராமம்." நீங்க என்றுதான் வந்தது, பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு வேறு எப்படியும் வரவில்லை. ஒரு கதவு சாத்துவதும் பிள்ளைகளின் சத்தம் மங்குவதும் கேட்டன. "சொல்லுங்க சார்" என்றாள். அவர் வாக்கியத்தைத் தேடினார். அம்மா, அன்னிக்கு என் ஹெட்ஃபோன் என்று வாய்வரை வந்தது. இத்தனை வருஷம் எல்லாப் பழியையும் ஏதோ ஒரு ஹெட்ஃபோன் மேலேயே போட்டு வந்ததும் கூடவே வந்தது. "ரெண்டு நிமிஷம் நாப்பத்தொண்ணு" என்றார்.

"ரெண்டாவது சரணம்" என்றாள் அவள், யோசிக்கவே இல்லை.

"வெட்டினது நான்தான். ஒட்டினதும் நான்தான். ஒட்டினேன்னு தெரிஞ்சுதான் உங்கள அப்படிச் சொன்னேன். உங்க காதுல ஒண்ணும் இல்ல."

"அது எனக்குத் தெரியும் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். "சீட்டு இன்னும் வச்சிருக்கேன்."

மன்னிச்சிடுங்க என்றார், அது மிகச் சின்னதாகக் கேட்டது, அந்த ஹெட்ஃபோன் எதையும் பெரிதாக்குவதில்லை. வீட்டுப் பரணில் பச்சை டிரங்க்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. பழைய டிஸ்குகளெல்லாம் அதில்தான், பூரணி வருஷா வருஷம் பழைய பேப்பர்காரனுக்குப் போடப்பார்ப்பாள், இவர் விடமாட்டார். "மொத டேக் இருக்கு. வெட்டாதது. அப்படியே வச்சு மறுபடி கலந்து அனுப்பட்டுமா? யாரும் கேக்கலன்னாலும் நீங்க கேக்கலாம்."

"கடைசியில சுருதி எறங்கியிருக்குமே சார்."

"எறங்கட்டும்."

மறுமுனையில் அவள் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தாள். அது தொடங்கியது, நெஞ்சு நிறைய ஏறியது, ஏறி முடிந்தது. தணிகாசலம் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் அதை முழுசாகக் கேட்டார்.